உருண்ட பக்கம் மேல

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் என் மாமியார், "மேல கெடக்க சொளவ எடுத்துட்டு வா மக்கா" என்றார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்தில் முறம் எதுவும் தொங்கவில்லை. சரி, மச்சில் இருக்கும் என்று ஏணியைச் சாத்தி ஏறினேன். ஒட்டடைக்குள் தலையை விட்டுத் தும்மிக்கொண்டு நிற்கும்போது கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சொளவு அடுக்களையில் மேற்குச் சுவரோரம் தரையில் கிடந்தது. அந்த வீட்டில் மேலே என்றால் மேற்கே, கீழே என்றால் கிழக்கே. இது தெரியாமல் ஒரு பெண் வளர்ந்திருக்க முடியும் என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம்.

எங்கள் ஊர் புதுக்கடை. நாங்கள் மேற்கைப் படிஞ்ஞாறு என்போம். மேலே என்றால் ஆகாசம், மச்சு, மரத்துக் கொப்பு, அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபிறகு நான் இல்லாத மாடிகளை எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன். "கீழ வீட்டுல போயி மோர் வாங்கிட்டு வா" என்றால் பள்ளத்தில் ஏதாவது வீடு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். "மேலயும் கீழயும் தெரியாத பிள்ளையல்லா கெட்டிக் கொண்டாந்திருக்கான்" என்று தெருவில் பேச்சு. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அந்த ஒரு மேலே மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் அந்த ஊரில் காற்று அடிக்கும் என்று சொன்னால் போதாது. மலைக்கு நடுவில் உள்ள கணவாய் வழியாக மேற்கேயிருந்து கிழக்கே அது ஓயாமல் ஓடும். காயப்போட்ட துணி பக்கத்து வயலில் கிடக்கும். சோற்றில் மண் கடிபடும். முற்றத்தில் நின்று பேசினால் வாயிலிருந்து சொல் போன இடம் தெரியாது. அந்தி மயங்கி விளக்கேற்றினால், கதவைச் சாத்துவதற்குள் அணைந்துவிடும். வந்த புதிதில், இப்படியும் ஒரு சனியன் பிடித்த காற்று உண்டா என்று நான் அழுதிருக்கிறேன்.

அந்தக் காற்றைப் பிடித்து விளக்கு எரிக்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அவர் யுத்த காலத்தில் வடக்கே ஏதோ ஒரு விமானத் தளத்தில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தவர். யுத்தம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. ஊருக்கு வந்தவர் ஒரு தகரப்பெட்டியும், ஏரோப்ளேன் படங்கள் போட்ட ஒரு கிழிந்த இங்கிலீஷ் புத்தகமும், அப்பாவோடு ஒத்துப்போகாத மனசும் கொண்டுவந்தார். வயல்வேலை அவருக்கு ஓடவில்லை. நாகர்கோவிலில் பழைய லாரி டைனமோ ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, அதை முற்றத்தில் பிரித்துப் போட்டுவிட்டார். ரேடியோ வைத்திருக்கிறவர்கள் எல்லாம் பாட்டரியை மாட்டுவண்டியில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்துகொண்டிருந்த காலம் அது. காற்றை வைத்து இங்கேயே சார்ஜ் செய்து கொடுத்தால் வீட்டோடு ஒரு தொழில் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

என் மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆள் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. ஆனாலும் எல்லா விஷயத்திலும் கண்ணால் கண்டால்தான் ஒத்துக்கொள்வார். மகாராஜா ஆட்சி போய்விட்டது, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்டது என்று சொன்னபோதுகூட, "நான் காணல்லியே" என்றவர். அவர் மகனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வெளக்க அணைக்க காத்த வச்சு வெளக்கு எரிக்கப் போறியாக்கும். செரி. ஆடி முடியதுக்குள்ள அது எரியத நான் காணணும். கண்டா, ஒன் இஷ்டம்போல இங்கயே கெட. காணல்லைன்னா ஆவணி ஒண்ணாந்தேதி மத்தியான பஸ்ஸுல ஏறி பீர்மேட்டுக்குப் போயிரு. ஒம் மாமன் தேயிலைத் தோட்டத்துல கணக்கு வேலை பாத்து வச்சிருக்கான்."

பீர்மேட்டுக்குப் போனால் நான் கூடப் போக முடியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தோட்டத்தில் குடும்பத்தோடு இருக்க வீடு தரமாட்டார்கள் என்று மாமன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ யாருக்குத் தெரியும். அந்த வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். நான் மச்சில் ஏறிய அன்றும் அவர் மட்டும் சிரிக்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போய்விட்டால், மேலே எது கீழே எது என்று தெரியாத வீட்டில் நான் ஒற்றைக்குக் கிடக்க வேண்டும். எனக்கு அந்த யந்திரத்தின் மேல் ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் அது எரிய வேண்டும் என்று, விளக்குப் போடாத சாமியே இல்லை என்கிற அளவுக்கு வேண்டிக்கொண்டேன். அந்த விளக்கையும் காற்று அணைத்தது.

வேலை நடக்கிறபோது அவர் எனக்குப் பாடம் சொல்வார். எனக்கு ஒன்றும் ஏறாது. ஏறாததை ஏறியது போலக் காட்டிக்கொள்ளவும் எனக்கு வராது.

"காத்து நேர வந்து மொகத்துல அடிக்கு. தள்ளுனா பொறத்தால போகணும். சக்கரம் எதுக்கு வட்டத்துல சுத்துகு?" என்று கேட்டேன்.

"அது தள்ளி சுத்தல்ல ஏட்டி. இழுத்து சுத்துகு."

"காத்து எப்பிடி இழுக்கும்? காத்துக்குக் கை உண்டா?"

அவர் என்னைச் சானலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் சானல். மடையிலிருந்து தண்ணீர் வயலுக்குள் விழுகிற இடத்தில், என் கையிலிருந்த சிரட்டை அகப்பையை வாங்கி, காம்பின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, சிரட்டையின் முதுகு விழுகிற தண்ணீரைத் தொடும்படி நீட்டினார். தண்ணீர் பட்டால் அகப்பை தெறித்து விலகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தண்ணீருக்குள் போய் ஒட்டிக்கொண்டது. விலக்கினால் திரும்பவும் போய் ஒட்டியது. நான் வாங்கிச் செய்து பார்த்தேன். என் கையிலும் இழுத்தது.

"கண்டியா? தண்ணி உருண்ட முதுக ஒட்டி வளைஞ்சு போகு. போற போக்குல சிரட்டைய தன் பக்கம் இழுக்கு. காத்தும் இதைத்தான் செய்யும். ஏரோப்ளேனு எறக்கைக்கு முதுகு உருண்டு இருக்கும், வயிறு பரந்து தட்டையா இருக்கும். முதுகுப்பக்கம் இழுக்கதுனால அது பொங்கி நிக்கு."

"அப்போ நம்ம சக்கரம் ஏரோப்ளேனா?"

"ஏரோப்ளேனு பறக்காம ஒரே எடத்துல நின்னு சுத்துனா அதான் நம்ம சக்கரம்."

எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். இன்னொரு நாள், பலகையை ஏன் முறுக்கிச் செதுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். நிற்கிறவனுக்கு மழை தலையில் விழும், ஓடுகிறவனுக்கு அதே மழை முகத்தில் அடிக்கும், குடையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையா என்றார். இறக்கையின் அடிப்பக்கம் பைய நடக்கிற ஆள், நுனி ஓடுகிற ஆள், ஆளுக்கு ஆள் குடையின் சாய்வு மாறும், அதனால் முறுக்கு என்றார். இது கொஞ்சம் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் இருக்கும்போதே, அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, இப்போது வெள்ளைக்காரன் முன்னால் காற்றாடியே இல்லாத ஏரோப்ளேன் செய்திருக்கிறான் என்று ஆரம்பித்தார்.

நான் ஊதுகுழலை வைத்து ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் அந்த ஊதுகுழலையே காட்டிப் பேசினார். அந்த யந்திரம் முன்பக்கம் காற்றைக் குடிக்குமாம். உள்ளே ஒரு சக்கரம் அதை அமுக்குமாம். அமுக்கின காற்றில் எண்ணெயை விட்டுத் தீ வைக்குமாம். சூடேறிப் பெருத்த காற்று பின்பக்கம் பாயும்போது இன்னொரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகுமாம். அந்தப் பின்சக்கரம்தான் முன்சக்கரத்தைச் சுற்றுமாம். வெளிநாட்டில் இதே முறையில் கரண்டும் எடுக்கிறார்களாம்.

"இருங்க, இருங்க. காத்து வந்தாத்தான் தீ எரியும். தீ எரிஞ்சாத்தான் பின்சக்கரம் சுத்தும். பின்சக்கரம் சுத்துனாத்தான் காத்து வரும். அப்போ மொதல்ல சுத்துகது ஆரு?"

"மொதல்ல வெளியில இருந்து ஒருத்தர் தள்ளி விடணும்" என்றார்.

"அப்பிடியா சங்கதி. இங்கயும் ஒருத்தி ஊதிட்டுத்தான் இருக்கேன். நகருங்க, புகையுது."

யந்திரம் ஒருவழியாக உருவானது. ஒரே அயனிப் பலகையில் இரண்டு பக்கமும் இறக்கை. நடுவில் டைனமோவின் அச்சு. பின்னால் மண்ணெண்ணெய் டின் தகரத்தில் ஒரு வால். வால் இருப்பதால் சக்கரம் தானாகவே காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். வாலை மடக்க ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் வால் மடங்கி, சக்கரம் காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி ஓய்ந்துவிடும். வீட்டின் பின்னால் இடி விழுந்து தலை போன மொட்டைப்பனை ஒன்று நின்றது. அதன் உச்சியில்தான் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். பொருத்துகிற அன்று இறக்கையைச் செதுக்கிய ஆசாரி கீழே நின்று, "எந்தப் பக்கம் மேல வரணும்?" என்று கூவிக் கேட்டதும், இவர் பனையில் தொங்கிக்கொண்டு, "உருண்ட பக்கம் மேல" என்று கூவியதும் என் காதில் விழுந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கயிறுதான் என் வேலை.

பனையிலிருந்து ஒரு கம்பி, இரவல் வாங்கிய தீர்ந்துபோன பாட்டரி ஒன்றின் வழியாக, வீட்டுக்குள் அரங்குக்குப் போனது. அரங்கு என்பது நெல்லும் பாத்திரமும் வைக்கிற உள்ளறை. பகலிலும் இருட்டாக இருக்கும். புரை விழுந்த கண்ணுக்கு வெளிச்சம் தெரிய வேண்டுமானால் அங்கேதான் வைக்க வேண்டும் என்று அங்கே ஒரு கார் பல்பைத் தொங்கவிட்டார்.

கயிற்றை விட்டேன். வால் விரிந்தது. சக்கரம் மேற்கே திரும்பிச் சுற்றியது.

சுற்றியதுதான். மாவு தீர்ந்தபிறகும் ஆட்டுகிறவள் குழவியைச் சுற்றுவது போல ஒரு சுற்று. தெருவே வந்து பார்த்தது. பல்பு எரியவில்லை. டைனமோவை இறக்கிப் பிரித்தார், கழுவினார், மாட்டினார். எரியவில்லை. கம்பியை மாற்றினார். எரியவில்லை. மாமியார் பனையைச் சுற்றி எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார்கள். அதற்கும் எரியவில்லை. காற்று என்னவோ கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டுதான் அடித்தது. இவ்வளவு காற்றில் இது ஏன் இப்படிச் சோம்பிக்கொண்டு சுற்றுகிறது என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பதைச் சொல்லவே வேண்டாம். சுற்றவே இல்லை என்றால்கூட மனசு ஆறியிருக்கும். அது சுற்றியது, ஆனால் எரியவில்லை. இதில் எதை நம்புவது, எதில் தப்பு தேடுவது. அவர் சாப்பிடும்போதும் இலையில் விரலால் இறக்கை வரைந்துகொண்டிருப்பார். எனக்கு ஆத்திரமும் பாவமும் சேர்ந்து வரும்.

ஆடி முடிந்தது.

ஆவணி முதல் தேதி விடிந்ததும் மாமியார் மச்சிலிருந்து அவருடைய தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார்கள். அவரே ஏறி இறக்கினார். நான் துணிகளை மடித்து வைத்தேன். அழக்கூடாது என்று இருந்தேன், ஆனால் வேட்டி எல்லாம் ஈரமாகிவிட்டது. மாமியார் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டே, "அகப்பைய கழுவிட்டு வா" என்றார்கள். நான் சானலுக்குப் போனேன்.

மடைத் தண்ணீரில் அகப்பையை நீட்டினேன். அதன் முதுகு தண்ணீரில் பட்டதும் உள்ளே இழுத்தது. எனக்கு அன்று அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "உருண்ட பக்கம் மேல, உருண்ட பக்கம் மேல" என்று அவர் பனையில் தொங்கிக்கொண்டு கூவியதுதான் ஞாபகம் வந்தது. அகப்பையின் உருண்ட பக்கம் இங்கே தண்ணீரைப் பார்த்து இருந்தது. மேலே எங்கே இருக்கிறது? அவர் தரையில் கரியால் வரைந்து காட்டிய இறக்கை படுத்துக் கிடந்தது, அதில் உருண்ட பக்கம் ஆகாசத்தைப் பார்த்து இருந்தது. பனையில் நிற்கிற பலகை படுத்துக் கிடக்கவில்லை, நின்றுகொண்டு சுற்றுகிறது. அதற்கு ஏது ஆகாசம்? எனக்கு ஒரு எளவும் புரியவில்லை. போகிற மனுஷனிடம் இதையாவது கேட்டுவிட்டு அனுப்புவோம் என்று கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அவர் முற்றத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"ஆசாரிட்ட உருண்ட பக்கம் எங்க வரணும்னு பறஞ்சிய?"

"மேல வரணும்னு சொன்னேன். இப்ப எதுக்கு அது?"

"மேலன்னா எங்க? ஆகாசத்துக்கா?"

"நின்னு சுத்துற சாமானுக்கு ஆகாசம் எங்க இருந்து ஏட்டி வரும்? மேலன்னா மேக்க. காத்து வாற பக்கம். இத்தன நாளாயும் ஒனக்கு மேல தெரியல்லியே."

"பொஸ்தகத்துலயும் மேலன்னா படிஞ்ஞாறா?"

அவர் கையிலிருந்த கத்தி கன்னத்திலேயே நின்றது. "பொஸ்தகத்துல..." என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இடது உள்ளங்கையை இறக்கை போலப் படுக்க வைத்தார். "உருண்டது மேல. காத்து இப்பிடி, கீழருந்து கொஞ்சம் சரிஞ்சு, வயித்துப் பக்கம் வந்து..." உள்ளங்கையைப் பைய நிமிர்த்தினார். வயிற்றுப்பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்தது. முதுகு, உருண்ட பக்கம், கிழக்கே திரும்பியது. கையை அப்படியே வைத்துக்கொண்டு பனை உச்சியைப் பார்த்தார். அங்கே உருண்ட பக்கம் மேற்கே இருந்தது.

"அடப்பாவி" என்றார். யாரை என்று தெரியவில்லை.

பாதி மழித்த முகத்தோடு ஓடிப்போய் ஆசாரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "ஆசாரி, பலகையத் திருப்பணும். கீழ்ப்பக்கம் மேல வரணும், மேல்பக்கம் கீழ வரணும்."

ஆசாரி அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "காலையிலயே தொடங்கியாச்சா?" என்றார்.

மாமியார் சத்தம் போட்டார்கள். ஆடி நேற்றோடு முடிந்துவிட்டது, ஆவணி பிறந்தபிறகு இதென்ன கூத்து என்றார்கள். மாமனார் அரங்குக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஆடி முடிஞ்சாச்சு, உள்ளதுதான். பஸ்ஸு வந்தாச்சா?" என்றார். இல்லை என்றோம். "அதுவரைக்கும் பாத்துக்கிடட்டும். நான் இங்கதான இருக்கேன்."

நான் கயிற்றை இழுத்து வாலை மடக்கினேன், என் வீட்டுக்காரர் பனையில் ஏறினார். ஆசாரி பனையோரம் சாத்தியிருந்த மூங்கில் ஏணியில் பாதிவரை ஏறி நின்று திருகாணிகளை வாங்கி வாங்கிக் கொடுத்தார். பலகையைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி மாட்டினார்கள். பாட்டரியை முந்தின நாளே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, அதனால் டைனமோவின் கம்பியை நேராகப் பல்புக்கே கொடுத்திருந்தார். பஸ் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து என்னைப் பார்த்து, விடு என்று தலையை ஆட்டினார்.

கயிற்றை விட்டேன். வால் விரிந்து, சக்கரம் மேற்கே திரும்பியது. முதலில் பழைய மாதிரியே பைய ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு என்ன நடந்தது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. இறக்கை கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஒரு ஓசை கிளம்பியது, பனை அடிவரை அதிர்ந்தது, காக்கை எல்லாம் கலைந்து பறந்தது. பலகை பிய்த்துக்கொண்டு வந்து அவர் தலையில் விழப்போகிறது என்று நான் பயந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை இழுத்துவிட்டேன். "ஏட்டி, விடு, விடு" என்று அவர் கத்தினார். வால் மடங்கியது, ஓசை அடங்கியது. வீட்டுக்குள்ளே 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டிருந்தது. அது என் இழுப்புக்கு முன்னாலா பின்னாலா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

எல்லோரும் அரங்குக்கு ஓடினோம். பல்பு கறுத்துப் போய்த் தொங்கியது. மாமனார் நெல்குதிருக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமியார் அடுக்களையில் பொதி கட்டிக்கொண்டிருந்ததால், அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"எரிஞ்சுதா அப்பா?" என்று இவர் கேட்டார்.

மாமனார் நெற்றியைச் சுருக்கினார். "என்னவோ வெளுத்துது."

"எரிஞ்சுதுல்லா?"

"அதுதான் தெரியல்ல. இந்தப் புரைக்குள்ள சில நேரம் சும்மாவே வெளுக்கும். மின்னுகது மாதிரி இருக்கும். அதுவா, இதுவா... நீங்க ஆரும் காணல்லியா?"

நாங்கள் யாரும் காணவில்லை. அவர் பனையடியில் நின்றார், ஆசாரி ஏணியில் நின்றார், நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் பாடுபட்டு, கடைசியில் வெளிச்சம் வந்ததா இல்லையா என்று ஒரு வீடு முழுக்க நின்று குழம்பிக்கொண்டிருந்தோம். தெருவில் யாரோ, பஸ் வந்து நிற்கிறது என்றார்கள். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பல்பைக் கழற்றப் போனேன். விரல் சுட்டது.

முந்தானையால் பிடித்துக் கழற்றி, மாமனாரின் உள்ளங்கையில் வைத்தேன். "மாமா, சுடுகு பாருங்க. எரியாத பல்பு சுடுமா?"

அவர் கையை இழுக்கவில்லை. பல்பை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தார். கண்ணருகே கொண்டுபோனார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சூடு ஆறுகிறவரை விடவில்லை. வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். மாமியார் கட்டுச்சோற்றோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"பெட்டி எங்க இருக்கு?" என்றார் மாமனார்.

"இங்கன, நடையில" என்றேன்.

"அத எடுத்து மேல கொண்டு வை மக்கா."

வீட்டின் மேற்கு வாசல் திறந்து கிடந்தது. அதற்கு வெளியே ரோடு, ரோட்டில் பஸ். நடையின் இந்தப் பக்கம் ஏணி சாத்தியிருந்தது, அதற்கு மேலே மச்சு. காலையில் பெட்டி இறங்கிய மச்சு. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாமியார் வாசலை விட்டு ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த வார்த்தையில் சந்தேகம் இருந்திருக்காது. திரும்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் மாமனார் சொல்லிவிடுவார், அதனால் கேட்கவில்லை.

எனக்குப் பிறந்த வீட்டில் சொல்லிக் கொடுத்த மேலே ஒன்றுதான். நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன்.

"ஏட்டி, எங்க போற?" என்று மாமியார் பதறினார்கள். பஸ் திரும்பவும் ஹாரன் அடித்தது. ஏணி கிரீச்சிட்டது. அரங்குக்குள் மாமனார் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார். கையில் பல்பு அப்படியே இருந்தது.

"ஏணியிலயா ஏறுகா?" என்றார்.

நான் ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

"பைய ஏறச் சொல்லு" என்றார். "நடுப்படி ஆடும். அவன போயி புடிச்சிக்கிடச் சொல்லு."